ஒரு டன் லேத்தை வண்டியில் எப்படிக் கட்டுவது?

கேள்வி: மதுரையில் சின்னதாக ஒரு பட்டறை போடுகிறேன். கோவையில் ஆறடி பெட் (நீளமான அடிப்பீடம்) உள்ள பழைய லேத், அதாவது இரும்பு கடையும் இயந்திரம் ஒன்றை வாங்கியிருக்கிறேன். எடை ஏறக்குறைய ஒரு டன். பிக்கப் வண்டியும் பேசியாகிவிட்டது. டிரைவர் அண்ணன், "ஒரு டன் இரும்பு எங்கே நகரப்போகுது? நாலு சுத்து கயிறு போட்டா போதும்" என்கிறார். போதுமா?

பதில்: போதாது. எடை கூடினால் தளத்தில் பிடிப்பும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் பிரேக் அடிக்கும்போது முன்னால் தள்ளும் விசையும் அதே அளவு கூடிவிடுகிறது. ஒரே தளத்தில் வைத்தால், ஐம்பது கிலோ இரும்பும் ஒரு டன் இரும்பும் ஒரே பிரேக்கில்தான் வழுக்கத் தொடங்கும். நகர்ந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். ஒரு டன்னைத் தடுக்க கேபினின் பின்பக்கத் தகட்டால் முடியாது. அதற்கு அந்தப்பக்கம் டிரைவரும் நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள்.

சரி, எவ்வளவு விசையைத் தாங்கும்படி கட்ட வேண்டும்? சரக்கு கட்டுவதற்கான ஐரோப்பியத் தரநிலை இ.என். 12195, முன்பக்கம் எடையில் 80 சதவீதம், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 50 சதவீதம் என்று கணக்கு வைக்கிறது. உங்கள் லேத்துக்கு முன்பக்கம் 800 கிலோ. எண்ணெய் படிந்த இரும்புத் தளத்தில் வார்ப்பிரும்புக் கால் நின்றால் உராய்வு 200 கிலோவைத் தடுத்தாலே பெரிது. பாக்கி 600 கிலோவை நீங்கள்தான் கட்டிப் பிடிக்க வேண்டும்.

இந்த இடத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். ராட்செட் பெல்ட்டில் (பல்சக்கரக் கைப்பிடியால் இறுக்கும் பட்டை) "5 டன்" என்று போட்டிருந்தால், அது பெல்ட் தாங்கும் அளவு. லேத்தை அது 5 டன்னால் அழுத்தப்போவதில்லை. கையால் ராட்செட்டை இறுக்கினால் பெல்ட்டில் ஏறும் இழுவை சுமார் 300 கிலோதான். மேலே போட்டு இருபக்கமும் நேர்க்குத்தாக இறக்கினால் 600 கிலோ அழுத்தம். வழுக்கும் தளத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான், அதாவது 120 கிலோ, பிடிப்பாக மாறும். ஆகக் குறைந்தது ஐந்து பெல்ட் வேண்டும். பெல்ட் சாய்ந்து இறங்கினால் அதுவும் குறையும். தளத்தோடு 30 டிகிரி கோணத்தில் இருந்தால் பாதிதான்.

இதே லேத்தின் அடியில் நல்ல ரப்பர் மேட் போட்டுப் பாருங்கள். மேட் ஒன்றே 600 கிலோ வரை தடுக்கும். பாக்கி 200தான். அதற்கு ஒரு பெல்ட்டே கணக்கில் போதும், ஆனாலும் இரண்டுக்குக் குறையாமல் போடுங்கள். தளத்தை எண்ணெய் போகத் துடைத்துவிட்டு மேட்டை விரியுங்கள். நான் பார்த்தவரை இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பாதுகாப்பு தரும் பொருள் வேறில்லை.

ஆனால் லேத்துக்கு வழுக்குவதைவிடக் கவிழ்வதுதான் பெரிய ஆபத்து. கால் அகலம் 40 சென்டிமீட்டர், எடை மையம் 60 சென்டிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். 20-ஐ 60-ஆல் வகுத்தால் 0.33. எடையில் மூன்றில் ஒரு பங்கு விசை பக்கவாட்டில் வந்தாலே கவிழ ஆரம்பித்துவிடும். நாம் தாங்க வேண்டியதோ பாதி. அதனால் நான்கடி நீளமுள்ள இரண்டு கனமான மரக்கட்டைகளைக் குறுக்கே வைத்து, லேத்தின் கால் ஓட்டைகள் வழியாக போல்ட் போட்டு முடுக்குங்கள். இப்போது அடி அகலம் 120 சென்டிமீட்டர் ஆகிவிடும், தைரியமாகப் போகலாம். மேட்டை இந்தக் கட்டைகளுக்கு அடியில் போட வேண்டும்.

ஒருமுறை பழைய டிரில்லிங் மெஷினோடு போனேன். கயிறு மட்டும்தான் கட்டியிருந்தோம். பல்லடம் தாண்டி டீ குடிக்க நிறுத்தி, தார்பாயைத் தூக்கிப் பார்த்தேன். தளத்தின் பெயிண்டில் ஒரு சாண் நீளத்துக்குப் பளபளவென்று இரண்டு கோடுகள். வழியில் யாரும் திடீரென்று பிரேக் கூட அடிக்கவில்லை. கயிறோ பார்வைக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து நான் இயந்திரத்துக்குக் கயிறு கட்டுவதில்லை. நைலான் கயிறு இழுபடும், முடிச்சு இறங்கும், எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதும் தெரியாது.

ஏற்றும்போது கனமான ஹெட் ஸ்டாக் (வேலைப்பொருளைச் சுழற்றும் தலைப்பகுதி) பக்கம் கேபினை நோக்கி இருக்கட்டும். எடை பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். அதற்குப் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேட்காது. கட்டைக்கும் முன்பலகையின் அடிச்சட்டத்துக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் மரத்துண்டு வைத்து ஆப்பு அடித்து அடைத்துவிடுங்கள். ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடைக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். மீறினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் அபராதம்.

பெல்ட்டை லேத்தின் பெட்டில் மட்டும் சுற்றுங்கள். பெட்டை ஒட்டி ஓடும் நீளமான திருகுத் தண்டான லீட் ஸ்க்ரூவையும் சேர்த்துப் பிடித்து இறுக்கிவிட்டால் அது வளைந்துவிடும், பிறகு அந்த லேத்தில் ஒழுங்காக மரை வெட்ட முடியாது. வேலைப்பொருளைக் கவ்விப் பிடிக்கும் 'சக்' பாகத்தையும், மறுமுனையில் இருக்கும் டெயில் ஸ்டாக்கையும் கழற்றித் தனிப்பெட்டியில் வையுங்கள். பெட்டின் மேல் நகரும் சேடிலை லாக் செய்துவிடுங்கள். மேலே இரண்டு பெல்ட் போக, லேத்தின் பெட்டிலிருந்து வண்டித் தளத்தின் நான்கு மூலைக்கும் சாய்வாக நான்கு பெல்ட் இழுங்கள். கூரான விளிம்பு வரும் இடத்தில் பழைய டயர் துண்டை வையுங்கள். பிக்கப்பின் பக்கப்பலகையில் இருக்கும் சின்னக் கொக்கிகள் தார்பாய் கட்டத்தான். தளத்தின் குறுக்குச் சட்டத்தோடு வெல்டான வளையம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் வேறு வண்டி பேசுங்கள்.

கிளம்பிப் பத்து பதினைந்து கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். மரம் அமுங்கி பெல்ட் தளர்ந்திருக்கும். அப்புறம் தாராபுரத்தில், ஒட்டன்சத்திரத்தில், நிற்கும் இடமெல்லாம் ஒரு கை வைத்துப் பாருங்கள். லேத்தைப் பிடித்துக்கொள்ள என்று பின்னால் யாரையும் ஏற்ற வேண்டாம்.

மதுரையில் இறக்கும்போதும் கவனம் வேண்டும். லேத் ஒருபக்கம் சாய்ந்து ஏதாவது ஒரு பெல்ட்டின் பிடியில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். கிரேன் கொக்கியில் மாட்டி, ஸ்லிங்கில் (தூக்கும் பட்டையில்) இழுவை ஏறிய பிறகே பெல்ட்டைத் தளர்த்துங்கள். லேத்தைப் பட்டறைத் தரையில் நிறுத்தும்வரை அந்தக் குறுக்குக் கட்டைகளைக் கழற்றாதீர்கள்.