ரார் கோப்பைத் திறக்கக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சின்ன அச்சகம் நடத்துகிறோம். கல்யாணப் பத்திரிகை, காவடித் திருவிழா நோட்டீஸ் எல்லாம் ரார், 7இசட் என்ற சுருக்கிக் கட்டிய கோப்புகளாக வருகின்றன. போன வாரம் ஒரு கோப்பைத் திறந்ததும், அவற்றைப் பிரிக்கும் இலவச மென்பொருளான 7-ஜிப் தானாக மூடிக்கொண்டது. "இலவசத்தை நம்பாதீங்க, கட்டண மென்பொருளும் ஆன்டிவைரஸும் வாங்குங்க" என்கிறார் கணினிக் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். இதில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, பதிப்பு எண்ணை.

'உள்ளே இத்தனை பைட்' என்று கோப்பின் தொடக்கத்தில் எழுதியிருக்கும். அதை அப்படியே நம்பும் மென்பொருள் அந்த அளவுக்கே நினைவகத்தில் இடம் பிடிக்கும். வேண்டுமென்றே பொய்க்கணக்கு எழுதிய கோப்பென்றால் தரவு வழிந்து பக்கத்து இடத்தையும் அழித்து எழுதிவிடும். அரைகுறையாகச் செய்த கோப்பு மென்பொருளை விழவைக்கும். கைதேர்ந்தவர் செய்த கோப்போ சத்தமில்லாமல் அவருடைய நிரலை உங்கள் கணினியில் ஓடவிடும்.

7-ஜிப்பில் இசட்-ஸ்டாண்டர்ட் என்ற முறையில் சுருக்கிய தரவை விரிக்கும் பகுதியில் இப்படியொரு ஓட்டை இருந்தது, 24.07 பதிப்பில் அடைத்தார்கள். அதே வேலையைச் செய்யும், காசுக்கு விற்கும் வின்ராரிலும் இருந்தது: மீட்புத் தொகுதிகளை (காணாமல்போன பாகங்களை மீட்க உதவும் துணைக் கோப்புகளை) படிக்கும் இடத்திலிருந்த ஓட்டை 2023 ஆகஸ்டில் 6.23 வந்தபோதுதான் அடைபட்டது. ஹெல்ப் மெனுவில் அபௌட்டைத் தட்டி எண்ணைப் பாருங்கள். பழசென்றால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே புதியதை இறக்குங்கள். ஆன்டிவைரஸும் கோப்பைப் பிரித்துத்தானே பார்க்கிறது! கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸிலேயே 2023இல் எச்எஃப்எஸ் பிளஸ் (ஆப்பிள் கணினிகளின் வட்டு வடிவம்) கோப்புகளைப் படிக்கும் பகுதியில் இதே கோளாறு.

புதுப்பித்த விண்டோஸ் 11 ரார், 7இசட் இரண்டையும் தானே திறக்கும். ஓட்டை தெரிந்தால் விண்டோஸ் அப்டேட்டோடு திருத்தமும் வந்துவிடும். உங்களுக்கு அதுவே போதும்.

7-ஜிப்பை விழவைத்த கோப்பை பில் போடும் கணினியில் மறுபடி திறக்காதீர்கள். அனுப்பியவரிடம் கோப்பின் அளவைக் கேளுங்கள். உங்களிடம் குறைவாக இருந்தால் பாதியில் அறுந்த பதிவிறக்கமாக இருக்கலாம். பிடிஎஃப் ஆக வாங்கினாலும், வங்கிக் கணக்கைத் தொடாத தனி மடிக்கணினியில், அட்மின் அல்லாத பயனராக நுழைந்து திறப்பது நல்லது.

கேள்வி: ஏற்கெனவே வாங்கியிருந்தால்?

பதில்: தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மென்பொருளும் உரிமமும் 'பொருள்'தான். குறையுள்ளதை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பழுதுநீக்கம், மாற்று, பணம் மூன்றில் ஒன்றைக் கேட்கலாம். அச்சகம் கம்பெனியாகப் பதிவாகியிருந்தால், இந்தச் சட்டம் பொருந்த அதன் சொத்தோ ஆண்டு விற்பனையோ 20 லட்சம் ரேண்டைத் தொட்டிருக்கக் கூடாது. தேவையில்லாமல் வாங்கிவிட்டோம் என்பது மட்டும் குறையாகாது.