திரும்புவதும் திருப்புவதும்

(வாசகர்களின் ஆங்கிலச் சந்தேகங்களுக்குக் கிளிநொச்சியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்)

கேள்வி: கட்டுரையில் ‘ரிட்டேர்ன் பாக்’ என்று எழுதினேன். ரீச்சர் ‘பாக்’கை மட்டும் சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டா. எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள், சேர்?
சாதாரண தர மாணவி, முழங்காவில்

பதில்: ரீச்சர் வெட்டியது சரி, பிள்ளை. ஆனால் நீர் ஏன் அப்படி எழுதினீர் என்பதும் விளங்குகிறது. தமிழில் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பவரும் ‘திரும்பினார்’, கொழும்பிலிருந்து ஊருக்கு வந்தவரும் ‘திரும்பினார்’. அதனால்தான் ‘திரும்பி வா’ என்று ஒரு ‘வா’வையும் சேர்த்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சிக்கல் இல்லை. கழுத்துக்கு ‘டேர்ன்’, ஊருக்கு ‘ரிட்டேர்ன்’. முன்னால் நிற்கும் ‘ரி’யே ‘பாக்’கின் வேலையைச் செய்துவிடும். ‘கோ’, ‘கம்’ இரண்டும்தான் ‘பாக்’ இல்லாமல் தவிக்கும். இன்னொன்று: ஸ்கூலுக்கு முன்னால் ‘டு’ வரும், முழங்காவிலுக்கு முன்னாலும் வரும், ‘ரிட்டேர்ன் ஹோம்’ என்னும்போது வராது.

உண்மையில் சிவப்புப் பேனா தேடவேண்டிய பிழை வேறு. நாம் வந்தால் ‘திரும்பினேன்’, பொருளைக் கொடுத்தால் ‘திருப்பினேன்’. தமிழில் ஓர் எழுத்து மாறியதும் வேலை பிரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ரிட்டேர்ன்தான். தமிழில் ‘கூட்டாளியிட்டத் திருப்பிக் குடுத்திட்டன்’ என்றால் போதும், பேனாவா கொப்பியா என்பது கேட்பவருக்குத் தெரியும். அதே பழக்கத்தில் ‘ஐ ரிட்டேர்ன்ட் டு மை ஃபிரெண்ட்’ என்று எழுதினால், கோபித்துக்கொண்டு போனவர் சமாதானமாகி வந்த கதை ஆகிவிடும்! நடுவில் ஓர் ‘இட்’ வேண்டும். நான் திருத்திய கொப்பிகளில் அதிகம் தொலைந்த சொல் அந்த ‘இட்’தான்.

என் கதையில் இரண்டு ரிட்டேர்னும் உண்டு. 2008இல் கிளிநொச்சியில் ஒரு நூலகத்திலிருந்து இலக்கணப் புத்தகம் ஒன்று எடுத்தேன். திருப்பிக் கொடுக்கவேண்டிய திகதியை உள்ளட்டையில் ஊதா மையில் குத்தித் தந்தார்கள். அந்தத் திகதி வருவதற்குள் போரில் இடம்பெயர்ந்து நாங்கள் தர்மபுரத்தில். நவம்பரில் நிஷா புயல் மழை கொட்டியபோது தறப்பாளுக்குள் முழங்கால் அளவு வெள்ளம். அரிசியைத் தூக்கினேன், புத்தகத்தைத் தூக்கவில்லை. 2010இல் வந்து பார்த்தபோது அந்த நூலகத்துக்குக் கூரையும் இல்லை. ‘ஐ ரிட்டேர்ன்ட், பட் ஐ நெவர் ரிட்டேர்ன்ட் த புக்.’ வகுப்பில் இந்த வசனத்தைத்தான் கரும்பலகையில் எழுதுவேன். ‘தண்டப்பணம் எவ்வளவு சேர்?’ என்று ஒரு பெடியன் ஒவ்வொரு வருடமும் கேட்பான்.

கேள்வி: எங்கள் படிவங்களில் ‘ரீசெட்டில்மென்ட்’ என்றுதான் இருக்கிறது. அதுவும் ரிட்டேர்னும் ஒன்றா?
வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: ஒன்றல்ல. உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள் குறித்து 1998இல் ஐ.நா.வில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டும் கோட்பாடுகள் இரண்டையும் பிரித்தே சொல்கின்றன. சொந்த வீட்டுக்கோ வழமையாக வாழ்ந்த இடத்துக்கோ போவது ரிட்டேர்ன். நாட்டின் வேறொரு பகுதியில் போய்க் குடியமர்வது ரீசெட்டில்மென்ட். இங்கே அமைச்சின் பெயரிலிருந்து விதானையாரின் பதிவுவரை இரண்டையும் ‘மீள்குடியேற்றம்’ என்று ஒரே சாக்கில் கட்டிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் காணிக்கு வெளியே வேறு இடத்தில் இருத்தப்பட்டவரும் அந்தச் சொல்லால் ‘வந்து சேர்ந்தவர்’ ஆகிவிடுகிறார்.

செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வந்த முதல் வாரம் என் அம்மா வளவில் வடலிகளை எண்ணிக்கொண்டு நின்றா. பதிவுக்கு வந்த இளைஞர், ‘அம்மா, மீள்குடியேறின ஆக்களோ?’ என்று கேட்டார். ‘குடியேறேல்லைத் தம்பி, வீட்டுக்கு வந்திருக்கிறன்’ என்றா. அவர் படிவத்தில் மீள்குடியேற்றம் என்றே எழுதிக்கொண்டு போனார். பாவம், அவரிடம் வேறு கட்டம் இல்லை.

கேள்வி: தேர்தலில் ‘ரிட்டேர்னிங் ஒஃபிசர்’ எதைத் திருப்புகிறார்?
வாசகர், மாங்குளம்

பதில்: கடதாசியைத்தான்! இங்கிலாந்தில் தேர்தல் நடத்தச் சொல்லி ஒரு கட்டளை போகும். அதைப் பெற்ற அதிகாரி, தெரிவானவரின் பெயரை எழுதி அதே கட்டளையைத் திருப்பி அனுப்பவேண்டும். நாங்கள் அவரைத் தெரிவத்தாட்சி அலுவலர் என்கிறோம். கடுமையான தமிழ் என்றாலும் வேலையைச் சரியாகச் சொல்கிறது. கேட்டதற்குப் பதிலாக எழுதி அனுப்புவதும் ரிட்டேர்ன் என்பதால்தான் வருமான வரி ‘ரிட்டேர்ன்’ வந்தது. அதைக் காசு திரும்பி வரும் என்று நினைத்து மகிழ்ந்த ஒரு கடைக்காரரை எனக்குத் தெரியும். வரித் திணைக்களம் அதற்கு வைத்திருக்கும் தமிழ், விபரத்திரட்டு.