டார்பிடோவுக்கு பாயின்ட் மட்டும் போதுமா?

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள், சேலம் அம்மாபேட்டை. ஞாயிறானால் கம்ப்யூட்டரில் ஒரு கடற்படை உத்தி கேம் ஆடுகிறோம். பாயின்ட் செலவழித்தால் நீர்மூழ்கியின் டார்பிடோவுக்கு (தண்ணீருக்கடியில் ஓடிப் போய்க் கப்பலைத் தாக்கும் ஆயுதம்) வேகம், தூரம், சேதம் மூன்றும் சேர்ந்து ஏறுகிறது. ரீலோட் நேரம் பாதியாகிறது. அதுவும் நடுக்கடலிலேயே! கேமின் விதிகளை நாமே மாற்றி எழுத வசதி இருக்கிறது. மே மாதம் ஏற்காட்டில் தங்கி அதைச் செய்யப் போகிறோம். எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிவிடலாம்?

பதில்: வேகமும் தூரமும் சேர்ந்து ஏறுவதை முதலில் தூக்குங்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க நீர்மூழ்கிகள் சுமந்த மார்க் 14 டார்பிடோ 46 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் சுமார் 4 கிலோமீட்டர் ஓடும். அதையே 31 நாட்டுக்குக் குறைத்தால் 8 கிலோமீட்டர் போகும். தண்ணீருக்குள் வேகத்தை இரட்டிப்பாக்க ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும், அதனால் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைந்தே தீரும். இரண்டும் சேர்ந்து ஏற வேண்டுமானால் சக்தி தரும் சரக்கே மாற வேண்டும். நீராவியிலிருந்து மின்சாரத்துக்குப் போனபோதுகூட முதலில் வேகம் குறையத்தான் செய்தது. அதற்குப் பதிலாகக் குமிழித் தடம் மறைந்தது, எங்கிருந்து சுட்டார்கள் என்பது எதிரிக்குத் தெரியாமல் போனது.

நீங்கள் போகிற மலைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு. சேர்வராயன் மலையில் தோண்டிய பாக்சைட் மேட்டூருக்குப் போய் அலுமினியமாகியது ஒரு காலம். இன்றைய சில டார்பிடோக்களின் பேட்டரி அலுமினியமும் சில்வர் ஆக்சைடும் சேர்ந்ததுதான். மக்னீசியமும் சில்வர் குளோரைடும் கொண்டு, கடல் நீர் உள்ளே வந்ததும் உயிர் பெறுகிற வகையும் உண்டு. அந்த வகைக்கு உப்பு குறைந்த நீரில் திறனும் குறையும். வங்காள விரிகுடாவின் வடக்கே ஆற்று நீர் கலக்கும் பகுதியில் ஒரு சின்ன அபராதம் வைத்துப் பாருங்கள், ஆட்டம் சுவாரஸ்யமாகும்.

அப்புறம் நம்பகத்தன்மை. உங்கள் கேமில் இது அடியோடு இல்லை என்று நினைக்கிறேன். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் முதலில் சேர்க்க வேண்டும். மார்க் 14 போருக்குப் போனபோது அதில் மூன்று கோளாறுகள் இருந்தன, ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு. வைத்த ஆழத்தை விட சுமார் 10 அடி கீழே ஓடியது. 1942-இல் ஆஸ்திரேலியாவில் வலை கட்டிச் சுட்டுப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார்கள். அதைச் சரிசெய்ததும், கப்பலின் காந்தத்தை உணர்ந்து வெடிக்க வைக்கும் காந்த வெடிப்பி சொதப்புவது தெரிந்தது. 1943 ஜூனில் அதை நிறுத்தி வைக்கச் சொன்னார் அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தளபதி அட்மிரல் நிமிட்ஸ். அடுத்த மாதமே டினோசா என்ற நீர்மூழ்கி ஒரு பெரிய ஜப்பானியக் கப்பலைச் சாய்வாக அடித்து நிறுத்தியது. பிறகு பக்கவாட்டில் வாகாக நின்று ஒவ்வொன்றாகச் சுட்டது. போய் இடித்தன, வெடிக்கவில்லை. கடைசி ஒன்றைச் சுடாமல் சோதனைக்கு எடுத்து வந்தார் கேப்டன். பேர்ல் ஹார்பரில் கிரேனிலிருந்து இரும்புத் தகட்டின் மேல் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது: செங்கோணத்தில் மோதினால் வெடிப்பூசி மாட்டிக்கொள்கிறது, சாய்வாக மோதினால் வேலை செய்கிறது. அதாவது, மாலுமி எவ்வளவு கச்சிதமாகக் குறி வைத்தாரோ அவ்வளவு தோல்வி!

ஆகவே புது ஆயுதம் வந்ததும் அதன் நம்பகத்தன்மையைக் குறைவாக வைத்து, பயிற்சியில் சுடச் சுட ஏறும்படி செய்யுங்கள். அப்போது பழையதையே வைத்திருப்பதா என்று ஆட்டக்காரர் யோசிப்பார். 1982-இல் பிரிட்டனின் கான்கரர் நீர்மூழ்கி, ஜெனரல் பெல்கிரானோ என்ற அர்ஜென்டினப் போர்க்கப்பலை மூழ்கடித்தது அப்படித்தான். நீர்மூழ்கியில் டைகர்ஃபிஷ் என்ற நவீன டார்பிடோ இருந்தும், நம்பிக்கை இல்லாமல், பல பத்தாண்டுகள் பழமையான மார்க் 8-ஐச் சுட்டார்கள்.

நடுக்கடல் அப்கிரேடு? கிடையவே கிடையாது. டார்பிடோவை ஏவும் குழாயில் பொருந்தினால் மட்டும் போதாது, ஒலியை வைத்துத் தேடும் சோனார், குறிபார்க்கும் கணினி, மின் இணைப்பு எல்லாம் புது ஆயுதத்தோடு பேச வேண்டும். இந்திய நீர்மூழ்கி ஐஎன்எஸ் கல்வரி 2017-இல் படையில் சேர்ந்தது. அந்த வகைக்கு எண்ணியிருந்த இத்தாலிய பிளாக் ஷார்க் டார்பிடோ வாங்கும் திட்டம் கைவிடப்பட்டதால், பழைய ஜெர்மன் எஸ்யூடி டார்பிடோவை வைத்தே ஓட்ட வேண்டியிருந்தது. புதிய டார்பிடோவைப் பொருத்த ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 டிசம்பரில். விசாகப்பட்டினத்தில் மராமத்துக்குப் போன சிந்துகீர்த்தி என்ற நீர்மூழ்கி வெளியே வர ஏறக்குறைய 9 ஆண்டு ஆயிற்று. அதனால் அப்கிரேடுக்கு பாயின்ட் மட்டும் வாங்காதீர்கள். கப்பலைத் துறைமுகத்தில் முடக்கி, அத்தனை சுற்று ஆட்டத்திலிருந்தே விலக்கி வையுங்கள்.

சேதம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நவீன டார்பிடோ கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே வெடித்து முதுகை ஒடிக்கிறது. '25 சதவீதம் கூடுதல் சேதம்' என்பதற்கு அங்கே அர்த்தமில்லை, அதை நீக்கிவிடலாம்.

ஏவுகணை அப்கிரேடு இருக்கட்டும், ஆனால் இடத்துக்குக் கணக்கு வையுங்கள். கல்வரி வகையில் 6 குழாய், மொத்தம் 18 ஆயுதங்கள். ஏவுகணை ஒன்று ஏறினால் டார்பிடோ ஒன்று இறங்க வேண்டும். தண்ணீரைப் பிளந்து ஏவுகணை கிளம்பினால் நீர்மூழ்கி இருக்கும் இடமும் அம்பலமாகிவிடும். கம்பி வழியே வழிநடத்தும் டார்பிடோ ஓடுகிற வரை அந்தக் குழாயில் அடுத்ததை ஏற்ற முடியாது, ரீலோட் நேரத்தை அதோடு கட்டிவிடுங்கள். பாதியாக்கும் அந்த அப்கிரேடை வைப்பதா என்று முடிவெடுக்குமுன், முடிந்தால் விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் பழைய நீர்மூழ்கி ஐஎன்எஸ் குர்சுராவுக்குள் ஒருமுறை போய் வாருங்கள். சேலம் ஜங்ஷனிலிருந்தே ரயில் இருக்கிறது, திங்கட்கிழமை மட்டும் தவிர்த்துவிடுங்கள். முன்பக்க டார்பிடோ அறையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் தாண்டிப் போக எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.