பத்து வருஷம் போட்ட தலைமுடி டை திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகுமா?

கேள்வி: நான் கொழிஞ்சாம்பாறை. பத்து வருஷமாக ஒரே டைதான், மளிகைக் கடையில் சரமாகத் தொங்குமே அந்த சாஷே. போன மாதம் தங்கச்சி மகள் கல்யாணத்துக்காகப் போட்டேன். மறுநாள் காதுக்குப் பின்னால் ஒரே அரிப்பு, அதற்கடுத்த நாள் கண் இரண்டும் வீங்கிவிட்டது. கடைக்காரரோ, "லேபில் டெஸ்ட் பண்ணித்தான் அக்கா வருது, உங்களுக்கு உடம்புச் சூடு" என்கிறார். டெஸ்ட் பண்ணியும் இப்படி ஆகுமா? பணம் திரும்பக் கிடைக்குமா? வேலந்தாவளத்தில் கறுப்பு மருதாணி விற்கிறார்கள், அதற்கு மாறலாமா?

பதில்: உடம்புச் சூடெல்லாம் இல்லை அக்கா. டெஸ்ட் பண்ணியிருக்கிறார்கள் என்பது மட்டும் உண்மை, அந்த டெஸ்ட் சொன்னதே இது அலர்ஜி தரும் என்றுதான். தலையைக் கறுப்பாக்குவது பெரும்பாலும் பாராஃபினைலின்டயமின், சுருக்கமாக பிபிடி. தோல் அலர்ஜி சோதனைகளில் வலுவான பொருள் என்று பேர் வாங்கியது அது. முன்பு கினிப் பன்றியை வைத்துப் பார்த்தார்கள், அப்புறம் சுண்டெலி: அதன் காதில் மூன்று நாள் தடவி, பக்கத்து நிணநீர்க் கணுவில் (நெறி கட்டுமே, அந்த இடம்) செல்கள் மூன்று மடங்குக்குப் பெருகினால் அலர்ஜிப் பொருள் என்று கணக்கு. இந்தியாவில் 2014-இலிருந்து அழகுசாதனப் பொருள்களுக்கு விலங்குச் சோதனை கிடையாது. இப்போது புரதத் துண்டோடு அந்தப் பொருள் ஒட்டுகிறதா, ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் செல் உசுப்பப்படுகிறதா, நோய் எதிர்ப்புச் செல் விழித்துக்கொள்கிறதா என்று மூன்று சோதனை செய்து, இரண்டு ஒத்துப்போனால் முடிவு சொல்லலாம் என்று, சோதனை முறைகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி 2021-இல் ஏற்றுக்கொண்டது.

இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. பொருள் எவ்வளவு வலுவானது என்று தெரியும், அதை வைத்து அளவைக் கட்டுப்படுத்துவார்கள் (ஐரோப்பாவில் தலையில் படும் கலவையில் பிபிடி 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது), எச்சரிக்கை அச்சிடச் சொல்வார்கள். உங்கள் தோலை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பத்து வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்றால், இந்த அலர்ஜி அப்படித்தான் வரும். உடம்பு அந்தப் பொருளை எதிரியாகப் பழகிக்கொள்ள ஒரு தடவையும் ஆகலாம், நூறு தடவையும் ஆகலாம், பழகிவிட்டால் அடுத்த முறை ஒன்று முதல் மூன்று நாளுக்குள் காட்டிவிடும். முதல் நாள் காது, மறுநாள் கண் என்று உங்களுக்கு வந்தது அந்தக் கணக்குதான்.

பணம் விஷயம். டை விற்பவர்கள் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் எச்சரிக்கை அச்சிட வேண்டும், ஒவ்வொரு தடவையும் காதுக்குப் பின்னாலோ முன்கையின் உட்பக்கமோ கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பார்க்கச் சொல்லும் குறிப்பும் பொதியில் இருக்க வேண்டும். அந்தத் தாள் பெட்டிக்குள் மடித்துக் கிடக்கும், கடைக்காரர் கிழித்துத் தருவது சாஷேயை மட்டும். சாஷேயிலேயே பொடி எழுத்தில் எச்சரிக்கை இருந்தால் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனம், ஒன்றுமே இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லுங்கள். பில், பேட்ச் எண் தெரியும் காலி உறை, வீங்கின முகத்தின் போட்டோ, மூன்றும் வேண்டும்.

கறுப்பு மருதாணி வேண்டவே வேண்டாம். மருதாணி இலை சிவக்கும், கறுக்காது. அரை மணியில் கறுப்பாக்கினால் உள்ளே அதே பிபிடி கலந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அளவு கூடச் சொல்ல மாட்டார்கள். "அமோனியா இல்லாதது" என்ற டையும் பிபிடி இல்லாதது ஆகிவிடாது. கறுப்புதான் வேண்டுமென்றால் கலப்படமில்லாத மருதாணி போட்டு, அலசி, மேலே அவுரி போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அரை நாள் போய்விடும்.

ஒரு தடவை கண் வீங்கின பிறகு வீட்டில் நீங்களே தடவிப் பார்க்காதீர்கள். தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள், பாலக்காடோ கோயம்புத்தூரோ எது வசதியோ. முதுகில் ஒட்டினால் இரண்டு நாள் நனைக்கக் கூடாது, திங்கட்கிழமை போனால் புதன்கிழமை எடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்ப்பார்கள்.