தொரப்பாடியிலிருந்து தங்கை வருகிறாள்: எங்கே தொடங்குவது?

கேள்வி: வேலூர் தொரப்பாடி பெண்கள் தனிச்சிறையில் ஏழு ஆண்டு இருந்த என் தங்கை இரண்டு மாதத்தில் விடுதலை ஆகிறாள். ஆதார் ஜெராக்ஸ் மட்டும்தான் இருக்கிறது, பழைய செல் நம்பர் போய்விட்டது. 12 வயது மகள் குழந்தைகள் இல்லத்தில் படிக்கிறாள். தங்கை எங்களோடுதான் தங்கப் போகிறாள். முதலில் எதைச் செய்வது? - ஓர் அக்கா, குடியாத்தம்

பதில்: வெளியே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். பாதி வேலை அவர் உள்ளே இருக்கும்போதே முடிய வேண்டியது.

தீர்ப்பு நகலை எடுத்து அபராதம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டவில்லை என்றால் அதற்குத் தனியாகச் சிறை உண்டு. தண்டனை கொடுத்த நீதிமன்றத்தில் கட்டுங்கள், ரசீது சிறை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். ஒரு பகுதியைக் கட்டினாலும் அந்த விகிதத்தில் நாள் குறையும். வேறு வழக்கு ஏதாவது நிலுவையில் இருந்தால் பி.டி. வாரண்ட் (கைதியை அந்த வழக்கின் கோர்ட்டில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) வந்திருக்கலாம். நீங்கள் ஆட்டோவோடு வாசலில் நிற்பீர்கள், அவர் வேறு கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள்.

வரும்போது விடுதலைச் சான்று, தையல் பயிற்சிச் சான்று, ஊதியப் பாக்கி எல்லாம் கையில் இருக்கட்டும். மாத்திரை சாப்பிடுபவர் என்றால் சிறை டாக்டரிடம் சிகிச்சைக் குறிப்பு எழுதி வாங்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். மனநல மாத்திரை, வலிப்பு மாத்திரை எல்லாம் சில நாள் விட்டுப்போனாலே ஆபத்து.

வந்த மறுநாள் செல் நம்பர். இதில்தான் எல்லாம் சிக்கும். பயன்படுத்தாமல் துண்டித்த நம்பரை, துண்டித்து 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். ஆதாருக்கும் பேங்குக்கும் அந்த நம்பரே இருந்தால் ஓ.டி.பி. முன்பின் தெரியாத யாருக்கோ போகும். அவர் பெயரிலேயே சிம் வாங்குங்கள், உங்கள் நம்பரைக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். பிறகு ஆதார் மையம். நம்பர் மாற்ற ஆவணம் வேண்டாம், கைரேகை போதும். ரேகை தேய்ந்திருந்தால் கண்ணைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அடுத்து பேங்க். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கும், பணம் எங்கும் போகாது. கே.ஒய்.சி. கொடுத்தால் திறப்பார்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. ரேஷனில் உங்கள் கார்டில் சேர்க்கும் முன், புகுந்த வீட்டுக் கார்டில் பெயர் நீக்கியாயிற்றா என்று வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேளுங்கள். நீக்காவிட்டால் ஆதார் ஏற்கெனவே இருக்கிறது என்று மனு திரும்பும்.

மகள் விஷயத்தில் அவசரம் வேண்டாம். நேரே இல்லத்துக்குப் போய் அழைத்துவர முடியாது. குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு வேண்டும். மனுவை இப்போதே கொடுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வீட்டைப் பார்க்க வருவார்கள். பிள்ளை எங்கே படுப்பாள், எந்தப் பள்ளி, யார் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்பார்கள். பிள்ளையின் விருப்பத்தையும் கேட்பார்கள். ஏழு ஆண்டுப் பிரிவு என்பதால் அவள் தயங்கலாம், அதைத் தங்கையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முழுப்பரீட்சை முடிந்து கூட்டிவருவதே எங்கள் யோசனை. இல்லத்திலிருந்து வீடு திரும்பும் பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கேட்கலாம், குடும்ப வருமான வரம்பு உண்டு. அதையும் அதே மனுவில் எழுதுங்கள்.

வேலைக்கு உங்கள் பக்கத்தில் பீடி சுற்றுவது இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள்ளேயே முடங்கியிருக்க வேண்டிவரும் என்பதால் எங்களுக்கு அதில் அவ்வளவாக மனமில்லை. பேரணாம்பட்டு, ஆம்பூர் ஷூ கம்பெனி மேல். சிறையில் கற்றது துணித் தையல். துணியில் தப்பாகப் போனால் பிரித்துத் தைக்கலாம், தோலில் ஊசி ஓட்டை மறையாது, அந்தத் துண்டு கழிவுதான். அதனால் எடுத்த எடுப்பில் மெஷினில் உட்காராமல், பசை தடவி ஓரம் மடிக்கும் மேசையில் சேரட்டும். சில மாதம் கழித்து மெஷின் கேட்கலாம். நேர்காணலில் கேட்காததைச் சொல்ல வேண்டாம். படிவத்தில் வழக்கு பற்றிக் கேட்டிருந்தால் மட்டும் உள்ளதை எழுதட்டும், மறைத்தது பின்னால் தெரிந்தால் அதற்காகவே நிறுத்துவார்கள்.