செயின்ட் லூயிஸுக்கு ஆட்டம் பார்க்கப் போகும் தம்பிக்கு

தம்பி, இல்லினாய் மாநிலத்துப் புளூமிங்டனுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன என்கிறீர்கள். அலுவலக நண்பர்கள் நால்வர் சனிக்கிழமை ஒரே காரில் மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸுக்கு, அந்த ஊர்ப் பேஸ்பால் அணியான கார்டினல்ஸின் ஆட்டம் பார்க்கப் போகிறார்களாம், உங்களையும் கூப்பிடுகிறார்களாம். பேஸ்பால் புரியாதே, செலவு எவ்வளவு ஆகும், சைவம் கிடைக்குமா, என்ன உடுத்துவது, போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள். கட்டாயம் போங்கள். டிக்கெட் விலை ஆட்டத்துக்கு ஆட்டம், இருக்கைக்கு இருக்கை மாறும். அதைக் கூப்பிட்டவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உடை உங்கள் விருப்பம். நான் சொல்ல நினைப்பது போகிற வழியையும் திரும்புகிற வழியையும் பற்றித்தான்.

இங்கிருந்து செயின்ட் லூயிஸ் சுமார் 160 மைல். 55-ஆம் நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம். போகும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. பகல் வெளிச்சம், பேச்சு, பாட்டு என்று பொழுது ஓடிவிடும். திரும்புவதை நினைத்துப் பாருங்கள். மாலை ஆட்டம் ஏழு மணிவாக்கில் தொடங்கும். 2023-ல் ஒவ்வொரு பந்தையும் வீசுவதற்கு நேரக்கெடு வைத்த பிறகு பெரும்பாலான ஆட்டங்கள் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. ஆனாலும் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்து, காரை எடுத்து, மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும்போது பத்தரையோ பதினொன்றோ ஆகிவிடும். அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் இருட்டு, இரண்டு பக்கமும் சோளக்காடு, வளைவே இல்லாத நேர்ச்சாலை. தூக்கம் வரவழைப்பதற்கு இதைவிட வேறு எதுவும் வேண்டாம்.

நம் பிள்ளைகள் செய்கிற காரியம் ஒன்று எனக்கு அடங்காத கோபத்தைத் தருகிறது. ஐந்து பேர் ஒரு காரில் ஏறுவார்கள். உரிமம் ஒருவனிடம்தான் இருக்கும். காலையிலிருந்து அவன் ஓட்டுவான், வெயிலில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பான், நள்ளிரவில் அவனே திரும்பவும் ஓட்டுவான். மற்ற நால்வரும் வண்டி கிளம்பிய பத்தாவது நிமிடம் வாயைத் திறந்துகொண்டு உறங்கிப் போவார்கள். ஓட்டுபவனுக்கு அருகில் உட்காருபவன் உறங்கக் கூடாது. பேச்சுக் கொடுக்க வேண்டும், வழி பார்க்க வேண்டும். உங்களுக்கு உரிமம் இல்லாவிட்டால் அந்த இருக்கையை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த உரிமம் இல்லினாயில் குடியேறியவருக்கு 90 நாட்கள்தான் செல்லும். அதற்குள் இங்குள்ள உரிமத்தை எடுத்துவிடுங்கள். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தில் பெயர் எழுதியவரைத் தவிர வேறு யாரும் ஓட்டக் கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பார்ப்பது அந்தப் பெயரைத்தான்.

மான்கள் இன்னொரு ஆபத்து. அக்டோபர், நவம்பரில் இந்தச் சாலைகளில் அவற்றின் நடமாட்டம் மிகவும் அதிகம். விளக்கு வெளிச்சத்தில் மான் நின்றால் பிரேக்கை அழுத்துங்கள், ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள். மானுக்காக ஒதுங்கிப் பள்ளத்தில் உருளுவதும் எதிர்ப்பக்கம் பாய்வதும்தான் உயிரைக் குடிக்கின்றன. சாலையோரம் விளக்கு மின்னும் போலீஸ் வண்டியோ பழுதான வண்டியோ நின்றால் அடுத்த தடத்துக்கு மாறுங்கள், முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். இல்லினாயில் அது சட்டம். கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது இரண்டு மாநிலங்களிலும் குற்றம்.

போலீஸ் நிறுத்தினால் ஊரில் செய்வதுபோலக் கதவைத் திறந்து இறங்கி அவரை நோக்கி நடக்காதீர்கள். இங்கே அது மிரட்டலாகத் தெரியும். வண்டியை ஓரம்கட்டி, உள்ளே விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, இரு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வைத்து உட்கார்ந்திருங்கள். அவர் கேட்ட பிறகு, எங்கே கை விடப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் காகிதங்களை எடுங்கள். நீங்கள் இந்த நாட்டுக்குள் நுழைந்ததைப் பதிவு செய்த ஐ-94 படிவத்தின் அச்சுப்பிரதி உங்களிடம் எப்போதும் இருக்கட்டும், அதுதான் உங்கள் பதிவுச் சான்று. 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் பதிவுச் சான்றைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது நெடுநாளைய சட்டம்.

குடி பற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. மைதானத்தில் பீர் ஆறாக ஓடும். ஓட்டப் போகிறவர் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது, அவ்வளவுதான். போதையில் ஓட்டிக் கைதானால், நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் முன்பே வெளியுறவுத் துறை உங்கள் விசாவை ரத்து செய்துவிட முடியும். அடுத்த முறை அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனால் தூதரகம், மருத்துவப் பரிசோதனை என்று அங்கேயே மாதக்கணக்கில் சிக்கிக்கொள்வீர்கள். நல்ல வேலையில் இருந்த பிள்ளைகளுக்கு இப்படி ஆனதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கூட்டத்தில் யார் குடிக்காமல் இருப்பது என்பதைக் கிளம்பும் முன்பே, வெளிப்படையாக, பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். வெட்கப்படாதீர்கள். அமெரிக்க நண்பர்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு என் யோசனை இது: இரவே திரும்பாதீர்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம், காலின்ஸ்வில்லில் ஐந்து பேரும் சேர்ந்து இரண்டு அறை எடுங்கள். காரையும் செயின்ட் லூயிஸ் நகர மையத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். அங்கே பை தெரியும்படி வைத்த கார்களின் கண்ணாடியை உடைப்பது வழக்கமாகிவிட்டது. ஆற்றுக்கு இந்தப் பக்கமே உள்ள ஃபேர்வியூ ஹைட்ஸ் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு மெட்ரோலிங்க் ரயிலில் ஏறுங்கள். 1874-ல் கட்டிய ஈட்ஸ் பாலத்தின் மேல் அந்த ரயில் மிசிசிப்பியைக் கடக்கும்போது கேட்வே ஆர்ச் என்ற 630 அடி உயர எஃகு வளைவு உங்கள் கண்முன் நிற்கும். ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே மைதானம். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் கார்டினல்ஸின் பழைய நட்சத்திரம் ஸ்டான் மியூசியலின் சிலையருகே வந்துவிடுங்கள். பாதி ஊரே அங்கேதான் காத்து நிற்கும்.

மறுநாள் காலை கஹோக்கியா மேடுகளைப் பாருங்கள். காலின்ஸ்வில்லை ஒட்டித்தான் இருக்கிறது. ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு இந்த மண்ணின் மக்கள் கூடைகூடையாக மண் சுமந்து எழுப்பிய நகரம் அது. பெரிய மேடு சுமார் நூறு அடி உயரம். யுனெஸ்கோ 1982-லேயே அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம்மவர்கள் பதினோரு மணி நேரம் ஓட்டி நயாகராவுக்குப் போவார்கள். உறவினர் வந்தால் மறுபடியும் அதே நயாகரா. பக்கத்தில் இருக்கும் இதைப் பார்த்தீர்களா என்று கேட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பார்கள். இருபது ஆண்டுகளாக இதே மாநிலத்தில் இருந்துகொண்டு கோயில், காஸ்ட்கோ, சங்க விழா என்ற முக்கோணத்தைத் தாண்டாதவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமைதான் வருகிறது. கோயிலுக்கு நானும் போகிறேன், பொங்கல் விழாவில் சமைக்கிறேன். ஆனால் ஊர் என்பது நான்கு சுவருக்குள் இல்லை.

இதை நான் உரிமையோடு சொல்லக் காரணம் இருக்கிறது. 2004 ஜனவரியில், உறைபனியில், கணவரின் விசாவைச் சார்ந்து இந்த ஊருக்கு வந்தேன். அந்த எச்-4 விசாவில் வந்தவர் வேலை செய்யக் கூடாது என்ற காலம் அது; சிலருக்கு அனுமதி கிடைத்ததே 2015-ல்தான். இருந்த ஒரே காரை அவர் அலுவலகத்துக்கு எடுத்துப் போவார். வெட்டரன்ஸ் பார்க்வே சாலையோரத்தில் நடைபாதை இல்லாத இடங்களில், பனிச்சேற்றில், பால் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். முதலில் வந்த தமிழ்க் குடும்பங்களைத் தேடிப் போனால், கிரீன் கார்டு வரிசையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. என்னிடம் வேறு எதையாவது பேசியவர் பக்கத்து வீட்டில் இருந்த, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்தான்.

கோடையில் அவர் வீட்டுத் திண்ணையில் எப்போதும் வானொலி பாடிக்கொண்டிருக்கும். கேஎம்ஓஎக்ஸ் என்ற செயின்ட் லூயிஸ் வானொலி, ஐம்பதாயிரம் வாட் நிலையம். கார்டினல்ஸ் ஆட்டத்தின் வர்ணனை அவ்வளவு தூரத்திலிருந்து தெளிவாக வரும். நான் திருநெல்வேலியில், சேப்பாக்கம் டெஸ்ட் ஆட்டங்களை அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையில் அப்பாவோடு கேட்டு வளர்ந்தவள். பந்து எங்கே விழுந்தது, யார் ஓடுகிறார்கள் என்பதைக் காதால் பார்க்கத் தெரியும். மொழி பாதி புரிந்ததோ இல்லையோ, அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. ஆசிரியை கவனித்துவிட்டார். ஜூலையில் அவரும் அவருடைய தோழிகள் இருவரும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு செயின்ட் லூயிஸுக்குக் கிளம்பினார்கள். ஒரு தோழி சிகாகோ கப்ஸ் ரசிகை, நீலத் தொப்பி. மற்ற இருவரும் கார்டினல்ஸின் சிவப்பு. நம் ஊர் இரண்டு நகரங்களுக்கும் நடுவில் இருப்பதால் இங்கே ஒரே குடும்பத்துக்குள்ளேயே இந்தப் பிளவு உண்டு. வழியெல்லாம் சண்டை, சிரிப்பு. ஷெர்லி அருகே ஃபங்ஸ் குரோவில் நிறுத்தி மேப்பிள் பாகு வாங்கினோம். ஸ்பிரிங்ஃபீல்டில் லிங்கன் வீட்டைப் பார்த்தோம். 66-ஆம் நம்பர் பழைய சாலை நெடுஞ்சாலையை ஒட்டியே வருகிறது. நேரம் இருந்தால் சிறிது தூரம் அதில் போய்ப் பாருங்கள்.

அப்போது பழைய ஸ்டேடியம் இருந்தது, கூரை விளிம்பு முழுக்கச் சின்னச் சின்ன வளைவுகளோடு. இப்போதுள்ளது 2006-ல் திறந்தது. ஆசிரியை என் மடியில் ஓர் அட்டையும் பென்சிலும் வைத்தார். ஒவ்வொரு ஆட்டக்காரர் நிற்கும் இடத்துக்கும் ஓர் எண்: பந்து வீசுபவர் 1, அவருக்கு எதிரே குந்தியிருக்கும் பிடிப்பாளர் 2, அப்படியே 9 வரை. ஓடித் தொட வேண்டிய முனைகளுக்குப் பேஸ் என்று பெயர். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் (6) பந்தை எடுத்து இரண்டாம் பேஸ்காரருக்கு (4) எறிந்து, அங்கிருந்து முதல் பேஸ்காரருக்குப் (3) போய் இருவர் வீழ்ந்தால் 6-4-3 என்று கட்டத்துக்குள் எழுத வேண்டும். மட்டையைச் சுழற்றித் தவறவிட்டு ஆட்டமிழந்தால் ‘கே’ எழுத்து. சுழற்றாமல் நின்றபடியே ஆட்டமிழந்தால் அதே எழுத்தை இடவலமாகத் திருப்பி எழுத வேண்டும். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; மூன்றாவதுக்குள் எனக்குப் பிடிபட்டுவிட்டது. பள்ளியில் கணக்குப் பாடம் விரும்பியவர்களுக்கு இந்த அட்டை ஒரு வரம். இன்றைக்கும் நான் அட்டை எழுதாமல் ஆட்டம் பார்ப்பதில்லை. நீங்களும் ஒன்று வாங்கி, பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் எழுதச் சொல்லித்தரக் கேளுங்கள். விதிகள் தானாக வந்துவிடும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கிரிக்கெட்டோடு ஒப்பிட்டு, இது என்ன குழந்தை விளையாட்டு என்று சொல்லாதீர்கள். நம்மவர் வாயில் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அறுபதரை அடி தூரத்திலிருந்து மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்தை, கடைசி நொடியில் வளைந்து இறங்கும் பந்தை, உருண்டையான மட்டையால் அடிக்க வேண்டும். பத்தில் மூன்று முறை அடித்து பேஸை எட்டுபவர் நட்சத்திரம். அமெரிக்காவுக்குக் கிரிக்கெட் தெரியாது என்பதும் தப்பு; உலகின் முதல் சர்வதேசக் கிரிக்கெட் ஆட்டமே 1844-ல் நியூயார்க்கில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடந்ததுதான். இந்திய வம்சாவளித் தாயின் மகன் குமார் ராக்கர் 2024 முதல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்குப் பந்து வீசுகிறார். அந்தப் பெயரைத் திரையில் பார்த்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

சைவம் கேட்டீர்கள். வேர்க்கடலை, பிரெட்செல் எங்கும் கிடைக்கும். ‘டோஸ்டட் ராவியோலி’ என்று ஊர்ப்பெருமையோடு நீட்டுவார்கள். பெரும்பாலும் உள்ளே இறைச்சி, கேட்காமல் வாயில் போடாதீர்கள். கார்டினல்ஸின் மைதானமான புஷ் ஸ்டேடியத்துக்குள் வெளி உணவு கொண்டுபோகலாம், பையின் அளவுக்கான விதியை மட்டும் அணியின் இணையதளத்தில் பாருங்கள். நான் புளியோதரை கட்டிக்கொண்டு போவேன், கூட வருபவர்களுக்கும் சேர்த்து. மணக்குமே என்று கூச்சப்பட வேண்டாம். முதலில் காலியாவது அதுதான்.

எட்டாவது இன்னிங்ஸில், தோற்கிற ஆட்டம்தானே, நெரிசலுக்கு முன்னால் கிளம்பலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். பேஸ்பால் கோப்பையைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின், 2011-ஆம் ஆண்டு ஆறாவது ஆட்டத்தில், அக்டோபர் 27 இரவு, கார்டினல்ஸ் ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு ஓட்டம் பின்தங்கி, இன்னும் ஒரே ஒரு ஸ்டிரைக் (மட்டைக்காரர் தவறவிடும் பந்து; மூன்று விழுந்தால் அவர் அவுட்) விழுந்தால் தொடரையே இழக்கும் நிலையில் நின்றது. டேவிட் ஃப்ரீஸ் அடித்துச் சமன் செய்தார். பத்தாவதில் மறுபடியும் அதே நிலை, மறுபடியும் தப்பினார்கள். பதினொன்றாவதில் ஃப்ரீஸ் வேலிக்கு அப்பால் அடித்த ஹோம் ரன், 10-9. மறுநாள் கோப்பை. அன்று எட்டாவது இன்னிங்ஸில் எழுந்து போய், வெற்றியை 55-ஆம் நெடுஞ்சாலையில் வானொலியில் கேட்ட தமிழ்க் குடும்பம் ஒன்று இந்த ஊரிலேயே இருக்கிறது. அறை எடுத்துத் தங்கினால் உங்களுக்கு அந்த அவசரம் இருக்காது.