மனைவி பிள்ளையைப் பார்க்க விடுவதில்லை, விவாகரத்தும் முடியவில்லை. பிள்ளைக்குக் காசு கட்டத்தான் வேண்டுமா?

கட்டத்தான் வேணும் தம்பி. விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்தில ஒரு பக்கம் இழுபடட்டும். தாபரிப்பு வழக்கு, அதாவது பிள்ளையின்ர செலவுக்குக் காசு கேக்கிற வழக்கு, வேற. அது நீதவான் நீதிமன்றத்தில, இலங்கையின்ர 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ நடக்கிறது. பிரிஞ்சு இருந்தாலே கேக்கலாம். கலியாணம் பதியேல்லை எண்டும் தப்பேலாது. 2008, 2009 இல, கடைசி யுத்த நேரம், எங்கட வன்னிப் பக்கம் எத்தினை பேர் பதிவு கிதிவு இல்லாமல் அந்தரத்தில தாலி கட்டினவை? மனிசி தனக்குக் கேக்கிறதெண்டால்தான் கலியாணம் சட்டப்படி இருக்க வேணும். பிள்ளை உங்கட எண்டு நிறுவுப்பட்டால் பிள்ளைக்குக் குடுத்தே ஆகவேணும்.

நீங்கள் எழுதேல்லை, ஆனால் ஆரோ ஒரு கூட்டாளி "காசை நிப்பாட்டு, தானா வழிக்கு வருவாள்" எண்டு ஓதியிருப்பான். எனக்கும் ஓதினவங்கள்.

நான் மேசன். கிளிநொச்சியில, இரணைமடுக் குளத்துத் தண்ணியில விளையிற ரெண்டு ஏக்கர் வயலும் இருக்கு. வழக்கில மனிசியின்ர சட்டத்தரணி எழும்பி, வருசம் ரெண்டு போகம், அதோட நாட்கூலி எண்டு பெருக்கிக் காட்டி மாதம் 25,000 கேட்டார். நான் வேலைக்குப் போற நாளெல்லாம் ஒரு கொப்பியில எழுதி வைக்கிறனான்: ஆற்ற வீடு, என்ன வேலை, எவ்வளவு கை வந்தது. சீமெந்துக் கறையோட அதை அப்பிடியே நீட்டினன். நீதவான் ஒவ்வொரு ஒற்றையாப் புரட்டினார். கார்த்திகை, மார்கழிப் பக்கங்கள் வெறுமை. மழை ஐயா எண்டன். "மழைக்குப் பிள்ளை சாப்பிடாதோ?" எண்டு கேட்டார். அதுக்கு என்னட்ட மறுமொழி இல்லை. ஆனால் சிறுபோகத்தில, அதான் மழையில்லாத காலத்து விதைப்பில, குளத்துத் தண்ணியைப் பார்த்துத்தான் விதைப்புப் பங்கு, ரெண்டு ஏக்கரும் விதைக்கேலாது எண்டதைச் சொன்னன். கேட்டார். 15,000 எண்டு தீர்ந்தது. இண்டுவரைக்கும் ஒரு மாதமும் பிந்தவிடேல்லை. ஊரில "கோட்டில காசு கட்டிறவன்" எண்டு பட்டம். கட்டாமல் ஒளிச்சுத் திரியிறவனுக்கு ஒரு பட்டமும் இல்லை, பாருங்கோ.

பொம்பிளையளுக்கு வக்காலத்து வாங்கிறன் எண்டு ஏசப்போறியள். ஏசுங்கோ. சட்டம் தகப்பனுக்கு மட்டும் எழுதினதில்லை. வசதியுள்ள தாயும் தாபரிக்க வேணும். வருமானம் விழுந்தால் தொகையைக் குறைக்கச் சொல்லி நீங்களே விண்ணப்பிக்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் நிப்பாட்டினால்தான் வினை: சம்பளக்காரனெண்டால் சம்பளத்திலயே வெட்டுவிப்பினம், இல்லாட்டி மறியல், சிறைதான். 18 வயதோட கை கழுவலாம் எண்டும் நினைக்காதேங்கோ. தன்னைத்தானே பார்க்கேலாத நிலையில இருக்கிற பிள்ளைக்கு 25 வரைக்கும் கேக்க இடமிருக்கு.

எனக்கு உண்மையில எரியிறது வேற விசயம். காலபோகம், மாரி மழைக்கு விதைச்சது, வெட்டி நெல்லு முற்றத்தில கிடக்கேக்க விலை இல்லை. கடன்காரன் வாசலில நிக்கிறான், ஈரநெல்லு எண்டு தரகர் அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போறார். எல்லாரும் வித்து முடிஞ்சாப்பிறகு அரசாங்கத்தில நல்ல விலை அறிவிப்பினம். ஆருக்கு? களஞ்சியம் வைச்சிருக்கிறவனுக்கு. அப்பிடி ஒரு வருசம் மாசி மாதத் தாபரிப்புக் காசைக் கட்ட நான் மோட்டார் சைக்கிளை அடகு வைச்சனான்.

சரி, உங்கட கதைக்கு வாறன். பிள்ளையைப் பார்க்கிறதுக்கு மாவட்ட நீதிமன்றத்தில தனியாக் கேக்க வேணும். அதையும் காசையும் ஒண்டாப் போட்டுக் குழப்பாதேங்கோ. நான் சட்டத்தரணி இல்லை; கையில காசில்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுவில போய்க் கேளுங்கோ. காசை மட்டும் மச்சான்ர கையில, மாமியின்ர கையில குடுக்காதேங்கோ. கட்டளை வந்திருந்தால் கோட்டில, இல்லாட்டி வங்கியில போட்டு, பற்றுத்துண்டைப் பத்திரப்படுத்துங்கோ. பிள்ளையைப் பார்க்க வழக்குப் போடேக்க சட்டத்தரணி முதல் கேக்கிறது அந்தத் துண்டுகளைத்தான்.